விசில் ஊத ஓர் ஆள்

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணியைத் தாண்டிய நேரம். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக ரயிலை எதிர்பார்த்திருந்த ஓர் இளம்பெண்ணை, அரிவாளோடு வந்த ஒருவன் வெட்டிவிட்டு ஓடிப்போனான். நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. தடுக்கவோ துரத்தவோ சீருடைக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. உயிர் போன உடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விழுந்த இடத்திலேயே, வந்து போகிறவர்கள் கண்ணெதிரே கிடந்தது. இறந்தவருக்கும் கண்ணியம் உண்டே என்று சென்னை உயர்நீதிமன்றம் காவல்துறையைக் கேட்டது. ஜூலை 1ஆம் தேதி செங்கோட்டை அருகே ஓர் இளைஞர் கைதானார். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே, செப்டம்பரில், அவர் புழல் சிறையில் இறந்துபோனார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு நீதிமன்றம் கேட்டு முடிவு சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. ஊர் மட்டும் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. அத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடத் தடுக்கவில்லையே, மனிதாபிமானம் செத்துவிட்டது, இந்த நகரம் மரத்துப்போய்விட்டது என்பதே அந்தத் தீர்ப்பு.

பத்தாண்டுகளாக, ஓடும் பேருந்திலோ ரயிலிலோ ஒரு வன்முறை நடக்கும்போதெல்லாம் நாம் இதே இரண்டு வேலைகளைத்தான் செய்கிறோம். முதலில் கூட்டத்தைத் திட்டுகிறோம். பிறகு கேமரா கேட்கிறோம். இரண்டுமே தவறான இடத்தைப் பார்ப்பவை என்பது என் கருத்து. அந்தப் பெண்ணைக் கைவிட்டது வேடிக்கை பார்த்த கூட்டம் என்று சொல்லிவிட்டால், அந்த நடைமேடையை யார் பொறுப்பிலும் இல்லாத இடமாக வைத்திருந்தவர்கள் கேள்விக்கு ஆளாகாமல் தப்பிவிடுகிறார்கள். பொதுப் போக்குவரத்தில் பயணியின் பாதுகாப்பு என்பது அடிப்படையில் ஆள்பலத்தைப் பொறுத்தது. இது என் பொறுப்பு என்று எழுந்து நிற்கக் கடமைப்பட்ட ஓர் ஆள் அங்கே இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கூட்டம் கோழை என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1964இல் நியூயார்க்கில் ஒரு பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டபோது, 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தியின் தாக்கத்தில்தான் சுற்றி ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று ஒதுங்கிவிடுவார்கள் என்ற கோட்பாடு உளவியல் பாடநூல்களில் இடம்பிடித்தது. ஆனால் அந்த 38 பேர் கதை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது. 2016இல் அந்த நாளிதழே அதை ஒப்புக்கொண்டது. அதைவிட முக்கியமானது, 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களில் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 91 சதவீதச் சண்டைகளில் வழியோடு போன யாராவது ஒருவர் உள்ளே புகுந்து விலக்கிவிட்டிருக்கிறார். சராசரியாக மூன்று நான்கு பேர். கூட்டம் பெருகப் பெருக, உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. வன்முறைக்குப் பேர்போன கேப் டவுனிலும் இதே கதைதான்.

இதை அப்படியே தூக்கி நுங்கம்பாக்கத்தில் வைத்துவிட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். அந்தப் பதிவுகளில் இருந்தவை பெரும்பாலும் தள்ளுமுள்ளு, வாய்த்தகராறு, அடிதடி. அரிவாள் வேறு. அரிவாளைக் கண்டதும் பின்வாங்கும் உடம்பு உயிர் வாழ விரும்பும் உடம்பு. அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆட்சேபமே என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஆயுதம் வெளியே வந்துவிட்ட பிறகு சாமானியரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது அநியாயம் என்றால், ஆயுதம் வெளியே வரும் முன்பு கவனிக்கக் கடமைப்பட்டவர் யார் என்று கேட்டாக வேண்டும். கூட்டத்துக்கு உதவும் மனசு இருக்கிறது. யார் தொடங்குவது, யார் பின்னால் நிற்பது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

தொடங்கிவைக்கும் ஆள் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், சென்னை மாநகரப் பேருந்தின் நடத்துநரைப் பார்த்தாலே போதும். பின்பக்கப் படிக்கட்டை ஒட்டிய இருக்கையில், மடியில் தோல்பையும் விரலிடுக்கில் டிக்கெட்டுமாக உட்கார்ந்திருப்பார். காசு கை மாறிக் கை மாறி அவரிடம் வரும், சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பிப் போகும். வாயில் விசில். ஒன்று அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். நெரிசலில் ஒருவன் ஒரு பெண்ணின் மேல் சாய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “யோவ், தள்ளி நில்லுய்யா, லேடீஸ் நிக்கிறாங்கல்ல?” என்று அவர் ஒரு குரல் கொடுத்ததும், அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். “அதான் சொல்றாருல்ல, முன்னால போயேன்” என்று ஒரு பெரியவர் சேர்ந்துகொள்வார். அந்த நாலு பேரும் முதலிலேயே பார்த்தவர்கள்தான். தலையிடுவது சரியா, வம்பா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்கள். பொறுப்பில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னதும் தயக்கம் போய்விடுகிறது. அந்த விசிலுக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு அது போதும்.

நடத்துநரின் இந்த வேலை நல்ல மனசின் தயவில் நடப்பது மட்டுமில்லை, சட்டத்திலும் இருக்கிறது. 1998இல் ஒரு கல்லூரி மாணவியின் சாவு தமிழ்நாட்டை உலுக்கிய பிறகு வந்த பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம், பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் கடமையை ஊழியர்கள் மேல் வைத்தது. 2022 ஆகஸ்டில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்ற காரியங்களில் இறங்குகிற பயணியை இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ நடத்துநரைக் கடமைப்படுத்தியது. பெண் பயணிகளிடம் நடத்துநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. அது தேவையாகவும் இருந்தது. எல்லா நடத்துநரும் குரல் கொடுப்பதில்லை என்பதும், சிலர் தாங்களே தொல்லையாக இருந்திருக்கிறார்கள் என்பதும் பேருந்தில் போகும் பெண்களுக்குத் தெரியாததா? ஆனாலும் தவறு செய்த நடத்துநர் மேல் புகார் கொடுக்கப் பேருந்தின் எண் இருக்கிறது, பணிமனை இருக்கிறது, தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஆளே இல்லாத நடைமேடையில் யார் மேல் புகார் கொடுப்பது?

ஆளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து செலவு செய்து கற்றுக்கொண்டது. 1960களில் அந்நாட்டுப் பெருநகரங்களின் டிராம்களிலிருந்து நடத்துநர்களைச் சிக்கனத்துக்காக நீக்கினார்கள். டிக்கெட் எடுக்காமல் போவது பெருகிற்று, இருக்கைகள் கிழிந்தன, பயணிகளுக்குப் பயம் வந்தது. 1980களின் நடுவில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் ஆகிய மூன்று நகரங்களிலும் வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பயிற்சி கொடுத்துச் சீருடை மாட்டி டிராமிலும் மெட்ரோவிலும் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. வழி சொல்வது, டிக்கெட் பார்ப்பது, கண்ணில் படும்படி இருப்பது, இவ்வளவுதான் வேலை. டிக்கெட் எடுக்காதவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆம்ஸ்டர்டாம் பிறகு டிராம்களில் நடத்துநர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அந்த நகரத்து டிராம்கள் பலவற்றில் ஏறினால் உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் பேருந்தில் இன்னும் இருக்கும் ஒரு செல்வத்தை, பணக்கார நாடொன்று தொலைத்துவிட்டுத் தேடி எடுத்த கதை இது.

சென்னையின் புறநகர் ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் நாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். டிக்கெட் எடுக்க இயந்திரம் வந்தது, கைப்பேசிச் செயலி வந்தது, கவுன்ட்டர்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. வரிசையில் நிற்கும் தொல்லை தீர்ந்தது உண்மைதான். ஆனால் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் டிக்கெட் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. நிலையத்துக்குள் யார் வருகிறார்கள் என்று பார்க்கும் ஒரு ஜோடிக் கண் அவரிடம் இருந்தது. 1995இல் சேப்பாக்கம் வரைக்கும், 1997இல் மயிலாப்பூர் வரைக்கும், 2007இல் வேளச்சேரி வரைக்கும் நீண்ட பறக்கும் ரயில் பாதையின் நிலையங்கள் இதன் உச்சம். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கணக்குப் போட்டு மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள். கடைகள் வரவில்லை. பல நிலையங்களில், இருட்டிய பிறகு ரயிலை விட்டு இறங்கும் பெண் யாருமற்ற அகன்ற கூடத்தைத் தாண்டி, புறா எச்சம் படிந்த படிகளில் தன் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டபடி தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது. தெருவைப் பாதுகாப்பது அதன் மேல் இயல்பாக விழுந்துகொண்டே இருக்கும் ஊரார் கண்கள்தான் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே எழுதினார். பூக்கடை, டீக்கடை, பத்திரிகைக்கடை என்று ஏதாவது ஒன்று அந்தக் கூடத்தில் இருந்திருந்தால்கூட அந்தக் கண்கள் இருந்திருக்கும்.

மெட்ரோ பாதுகாப்பாக இருக்கிறதே, அங்கே கேமராதானே காரணம் என்று கேட்கலாம். 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் கேமராக்கள் உண்டு, சுரங்க நிலையங்களின் நடைமேடையில் கண்ணாடிக் கதவுகளும் உண்டு. கூடவே, நுழையும்போதே பையைச் சோதிக்கும் காவலர், உதவி மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர், தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் துப்புரவுப் பணியாளர் என்று எங்கே திரும்பினாலும் ஒரு சீருடை கண்ணில் படுகிறது. மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், புறநகர் ரயிலில் 5 ரூபாய். அதிகாலை முதல் ரயிலில் வந்து இறங்கும் வீட்டு வேலைக்காரம்மாவும், பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும் வியாபாரியும், இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியரும் புறநகர் ரயிலில்தான் வருகிறார்கள். ஐந்து ரூபாய் டிக்கெட்காரருக்கு ஆளில்லாத நடைமேடை, கூடுதல் கட்டணம் கொடுப்பவருக்குக் காவலோடு கூடிய நிலையம் என்று ஒரே நகரத்துக்குள் பாதுகாப்பைக் கூறுபோட்டு வைத்திருக்கிறோம். எனக்கு இதைவிட ஆத்திரம் தரும் விஷயம் இந்தப் பிரச்சினையில் வேறில்லை.

கேமராவுக்கு எதிராகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நுங்கம்பாக்கம் வழக்கில் துப்புக் கொடுத்தவை நிலையத்துக்கு வெளியே தெருக்களில் இருந்த கேமராக்கள்தான். குற்றவாளியைப் பிடிக்க, நீதிமன்றத்தில் நிரூபிக்க அவை உதவும். நடக்கவிடாமல் தடுக்குமா என்பதுதான் கேள்வி. பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளில் நடந்த கேமரா ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த மதிப்பீடு, கேமராக்களால் மொத்தக் குற்றங்கள் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. நல்ல பலன் கிடைத்தது வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை. கார் திருடுகிறவன் கணக்குப் போட்டுத் திருடுகிறான், கேமராவைப் பார்த்தால் வேறு காருக்குப் போய்விடுவான். “எனக்குக் கிடைக்காதவள் யாருக்கும் கிடைக்கக் கூடாது” என்ற வெறியோடு வருகிறவனுக்குப் பிடிபடுவது பற்றிய கணக்கே கிடையாது. ‘மூன்றாவது கண்’ என்று பேர் வைத்துக் காவல்துறை நகரம் முழுக்கக் கேமரா பொருத்தியது, சதுர கிலோமீட்டருக்கு அதிகக் கேமரா உள்ள உலக நகரங்களின் வரிசையில் சென்னை முன்னால் வந்தது. 2022 அக்டோபர் 13, நடுப்பகல். பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஆட்கள் நடமாட்டம் இருக்கும்போதே ஒரு கல்லூரி மாணவி ஓடி வந்த ரயிலின் முன்னால் தள்ளிவிடப்பட்டு இறந்தார்.

அந்த வழக்கு என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபத்தையும் எழுப்புகிறது. அந்த மாணவியைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாக, அவரைத் தள்ளிவிட்ட இளைஞர் மேல் முன்பே காவல்துறையிடம் புகார் போயிருந்தது. மாணவியின் தாயே காவல்துறையில் வேலை பார்த்தவர். அப்படியிருந்தும் தடுக்க முடியவில்லை. 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அந்த இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. ஆக, நோய் நிலையத்தில் இல்லை, பெண் தனக்குச் சொந்தம் என்று நினைக்கும் ஆண் மனத்தில் இருக்கிறது, புகாரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் காவல் நிலையத்தில் இருக்கிறது, இதில் நடைமேடையில் ஓர் ஊழியர் நின்று என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்டால், முதல் பாதியை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்தொடர்கிறவன் ஏன் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறான்? அவளைத் தவறாமல் பார்க்கக்கூடிய இடம் அதுதான். வேலைக்குப் போகும் பெண் தன் தெருவை மாற்றலாம், கைப்பேசி எண்ணை மாற்றலாம், 8.10 ரயிலை மாற்ற முடியாது. அதே நேரம், அதே நடைமேடை, அதே பெட்டி நிற்கும் இடம். அவனும் பல நாள் வந்து நிற்கிறான், ரயில் ஏறாமல் நிற்கிறான். தினமும் அங்கேயே பணியில் இருக்கும் ஒருவருக்கு, ரயில் ஏறாமல் நிற்பவன் மூன்றாம் நாளே கண்ணில் படுவான். ஏதோ சரியில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றும்போது போய் நிற்க ஓர் ஆளும் இருப்பார்.

பேருந்தில் மாணவர்கள் நடத்தும் மோதல்களிலும் இதே முன்னோட்டம் உண்டு. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்துக்குள் மாணவர்கள் மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள், பயணிகள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சில நாளில் உயிரிழந்தார். கத்தி உருவப்பட்ட பிறகு எந்த நடத்துநராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ‘ரூட் தல’ என்று மாணவர்கள் அழைக்கும் தடத் தலைவன் யார், எந்த நிறுத்தத்தில் எந்தக் கல்லூரிக் கூட்டம் ஏறுகிறது, எந்த வாரம் பக்கவாட்டுத் தகரத்தில் தாளம் போடும் சத்தத்தில் கோபம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தடத்தில் ஓடும் நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் தெரியும். தினமும் பணிமனைக்குத் திரும்பும் அவர்களைக் கூப்பிட்டு இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்பது அடுத்த ஆட்சேபம். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம், ஓய்வூதியம், கேமராவுக்கு ஒரே தடவை செலவு என்று கணக்குக் காட்டுவார்கள். 2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியிலிருந்து 983 ரயில் நிலையங்களில் கேமரா பொருத்த 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சென்னைப் பேருந்துகளில் கேமராவும் அவசரப் பொத்தானும் வந்ததும் அதே நிதியில்தான். கேமராவும் பழுதாகும், அதைப் பார்க்கவும் ஆள் வேண்டும், பொத்தானை அழுத்தினால் வரவும் ஆள் வேண்டும். ஆளில்லாத பொத்தான் சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக். நெதர்லாந்தில் ஆட்களைப் போட்ட பிறகு டிக்கெட் வருமானம் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது என்பதும் கணக்கில் சேர வேண்டும். நம் ஊரிலேயே ஓர் எதிர்பாராத உதாரணம் இருக்கிறது. 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, பயணிகளில் பெண்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். பாதுகாப்புக்காக வந்த திட்டம் அல்ல அது. ஆனால் பேருந்து முழுக்கப் பெண்கள் இருக்கும்போது சில்மிஷக்காரனுக்குத் துணிச்சல் குறையும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. காலியான பெண்கள் பெட்டி என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூர் - திருப்பதி ரயிலின் பெண்கள் பெட்டியில், மற்றவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிய பிறகு தனியாக இருந்த கர்ப்பிணியை ஒருவன் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் உயிர் பிழைத்தார், வயிற்றிலிருந்த குழந்தை பிழைக்கவில்லை. பெட்டியின் மேல் ‘பெண்கள்’ என்று எழுதியிருந்தது.

உதவ நினைக்கும் பயணிக்கு அரசு என்ன கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப் போகிறவருக்கு 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் பாதுகாப்புக் கொடுத்தன. பெயர் சொல்லக் கட்டாயமில்லை, வழக்கில் இழுக்கக் கூடாது.  ஓடும் ரயிலில் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போகிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர் சாட்சி. குற்றவாளியின் உறவினர்கள் முகம் பார்க்கும் நீதிமன்ற வராந்தாவில் வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் நிற்க வேண்டும். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாநிலங்கள் அப்படியொரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஒரு மின்சார ரயில் பயணிக்கு அது எட்டும் தூரத்தில் இருக்கிறதா? கூட்டத்தைக் கோழை என்று திட்டுகிறவர்கள் அந்த வராந்தாவையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.

நடைமேடை யாருடையது என்பதிலும் தெளிவில்லை. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே சொத்தைக் காக்க உருவானது, பயணிகளைக் காக்கும் பொறுப்பு 2003 திருத்தத்தில்தான் அதற்கு வந்தது. வழக்குப் பதிவது மாநில அரசின் ரயில்வே போலீஸ். நிலைய வாசலைத் தாண்டினால் மாநகரக் காவல். நுங்கம்பாக்கம் வழக்கே முதலில் ரயில்வே போலீசிடம் இருந்து, சில நாள் கழித்துச் சென்னை மாநகரக் காவலுக்கு மாறியது. இப்போது 139 என்று ஒரே உதவி எண் இருக்கிறது, நல்ல மாற்றம். ஆனால் அந்த எண்ணை அழைத்தால் பேசுகிறவர் எங்கோ இருக்கிறார். முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு பணிநேரத்திலும், பெயர் எழுதிய சட்டையோடு ஒருவர் நடைமேடையில் நடந்துகொண்டிருக்க வேண்டும், அவர் எந்தத் துறையின் சம்பளத்தில் இருக்கிறார் என்பது பயணியின் கவலை இல்லை.

2016 ஜூன் 24 அன்று அப்படி ஒருவர் அந்த நடைமேடையில் இருந்திருந்தால் அரிவாளை நிறுத்தியிருப்பாரா என்பதை நாம் சொல்ல முடியாது. ஓடியவனின் பின்னால் விசில் ஊதியிருப்பார், நாலு பேர் கூடவே ஓடியிருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்திருப்பார். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில், நிலைய அறையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் மேல் போர்த்தியிருப்பார்.